நீலத்தாள் வைத்து வாசித்தவள்

எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கோயில் பங்கு மடலில் என் பெயர் வந்தால் அதற்காகத்தான் வரும் என்று உங்களுக்குத் தெரியும். மூத்த பேரன் ஜெரால்டு கப்பலில் இரண்டாவது என்ஜினீயராக உயர்ந்துவிட்டான். அவன் தம்பி பிரவீன் ஆவடியில் அவனுடைய தாத்தா வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே அப்ரண்டிஸ் முடித்து நிரந்தரமாகிவிட்டான். மகள் வயிற்றுப் பேத்தி ஷைனி நர்சிங் முடித்து, வெளிநாட்டுக்கான பரீட்சையும் எழுதித் தேறி, அயர்லாந்து விசாவைக் கையில் வைத்திருக்கிறாள். கடைக்குட்டி ரோஷ்னி பேச்சுப் போட்டி எங்கே நடந்தாலும் கோப்பையோடுதான் வீட்டுக்குள் நுழைகிறாள். இப்போது மாவட்ட அளவிலும் முதல் பரிசு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளின் வீட்டில் இத்தனையும் நடந்திருக்கிறது. பெருமைப்படுவதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

ரோஷ்னி அந்தக் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தை நம் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட காலையில்தான் எமிலி போய்விட்ட செய்தியும் வந்தது. என் படத்துக்குக் கீழே கைதட்டும் பொம்மைகள் வந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு வரி: "கரையான்சாவடி ஜெராக்ஸ் கடை எமிலி இன்று காலை இறைவனடி சேர்ந்தார்." அதற்குக் கீழே மறுபடியும் கைதட்டல். ஒருவர் பூங்கொத்து. இன்னொருவர், "வாழ்த்துகள், மென்மேலும் வளர்க." புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு யாருக்கு வாழ்த்து என்றே புரிந்திருக்காது. என் படத்தை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். அழிக்கத் தெரியவில்லை. போனில் அந்த மாதிரி வேலையெல்லாம் எனக்குச் செய்து கொடுப்பது எமிலிதான்.

ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்குத்தான் அவங்ககூட நெருக்கம். மடலுக்கு ஒரு அஞ்சலி எழுதிக் குடுங்கம்மா. சுருக்கமா, நல்லதா," என்றார். உண்மையாக எழுதித் தருகிறேன் ஃபாதர். சுருக்கமாக வராது.

எமிலியைத் தெரியாதவர்கள் நம் பங்கில் குறைவு. கரையான்சாவடி பஸ் நிறுத்தத்தை ஒட்டி, மருந்துக்கடைக்கும் பாய் பிரியாணிக் கடைக்கும் நடுவில் நீட்டமாக, ரயில்பெட்டி போல ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறதே, அதுதான் அவளுடையது. கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்டுக்கு ஸ்பைரல் பைண்டிங், ஆதார் கார்டுக்கு லேமினேஷன், விண்ணப்பம் பூர்த்தி செய்தல். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். காது கேட்காத வயதான தாயும் அவளோடுதான். பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். என்னைவிட வயதில் நிறையச் சின்னவள். நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்சுக்கு வந்து, வீட்டுக்காரர் ஓய்வு பெற்றபின் காட்டுப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவள். எங்கள் இருவரையும் சேர்த்தது அன்பியக் கூட்டம்.

அன்பியக் கூட்டத்தில், தெருவில் உள்ள நம் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும்போது, ஆளுக்குக் கொஞ்சம் வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். என் முறை வரும்போதெல்லாம் நான் ஒரே பதிலைச் சொல்லுவேன்: "கண்ணாடி கொண்டுவரலையே." எனக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. ஒரு வரியின் முடிவுக்குப் போவதற்குள் அதன் தலைப்பகுதி மறந்துவிடும். அடுத்த வரிக்குக் கண்ணைக் கொண்டுவந்தால் அது அதற்கும் அடுத்த வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்துப் பேர் முன்னால் அந்தக் கூத்து எதற்கு? எமிலி எங்கள் கூட்டத்துக்கு வர ஆரம்பித்த புதிதில், எல்லோரும் எழுந்து போனபின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, கண்ணாடி மட்டும் ஒவ்வொரு வாரமும் மறந்துட்ற. தலைக்குப் பூவு ஒரு வாரங்கூட மறக்கல."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் அதைக் கவனிக்காதவள் போலப் பைக்குள் கையை விட்டு நீல நிறத்தில் ஒரு கண்ணாடித்தாள் துண்டை எடுத்தாள். ஸ்பைரல் பைண்டிங் புத்தகத்துக்கு மேலட்டையாகப் போடுவார்களே, அந்தத் தாள். நீளவாக்கில் வெட்டியிருந்தாள்.

"எனுக்கு எழுத்து நிக்காதுக்கா. சின்ன வயசுலேந்தே அப்டித்தான். வெள்ளத் தாள்ல கறுப்பு எழுத்து எறும்பு மாரி ஊரிகினே இருக்கும். டென்த்துல ஃபெயிலு. அடி வாங்காத நாளில்ல. அப்பாலிக்கா இந்தக் கடைய போட்டப்போ ஒரு நாளு இன்னா ஆச்சுன்னா, இந்த ஷீட்டுங்க அடியில ஒரு கரண்ட் பில்லு மாட்டிகிச்சு. மேல நீலத்தாளு. அப்டியே படிச்சிட்டேன். நின்னு படிச்சிட்டேன்கா. எறும்பெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல."

அடுத்த வாரம் மஞ்சள், ரோஸ், பச்சை, நீலம் என்று கடையில் இருந்த எல்லா நிறத்தையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒவ்வொன்றாகப் பக்கத்தின் மேல் வைத்து என்னை வாசிக்கச் சொன்னாள். எது பிடித்திருக்கிறது என்று கேட்கவில்லை. நான் எங்கே தடுக்குகிறேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சளில் நான் கொஞ்சம் வேகமாகப் போனேன். உடனே அந்த மஞ்சளை இரண்டு வரி உயரத்துக்கு வெட்டிக் கொடுத்தாள். மேல்வரி இப்போது வாசிப்பதற்கு. கீழ்வரி கண் அடுத்து எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு. "வரி எங்கியும் ஓடிடாதுக்கா. ஓட்றது நம்ப கண்ணுதான். அத்த புட்சி கட்டு, போதும்," என்றாள்.

அதற்குப் பிறகு என் போனையும் வாங்கி ஏதேதோ செய்தாள். பளீரென்று இருந்த வெள்ளைத் திரை கோதுமை நிறமானது. ஏதோ ஒரு செயலியை இறக்கினாள். அதில் செய்தியைப் போட்டால் ஒரு வரி நீலம், ஒரு வரி அரக்கு என்று மாறி மாறி வரும். அதுவரை தலைப்பைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துக்கொண்டிருந்தவள், முழுச் செய்தியையும் படித்துவிட்டு மருமகளிடம் விவரம் கேட்க ஆரம்பித்தேன். அது மருமகளுக்குக் கொஞ்சம் தொந்தரவாகத்தான் இருந்தது.

ஷைனி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "பாட்டி, கலர்த்தாள் வச்சா எல்லாருக்கும் வாசிக்க வந்துரும்னு சொல்ல முடியாது. டாக்டருங்களே அத முழுசா ஏத்துக்கலை. மொதல்ல கண்ணச் செக் பண்ணுங்க," என்றாள். நான் அதை எமிலியிடம் போட்டுக்கொடுத்தேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் பைண்டிங் மிஷினில் ஓட்டை போட்டுக்கொண்டே சொன்னாள்: "பொண்ணு சொல்றது கரீட்டு. இத்த மருந்துன்னு நான் எப்போ சொன்னேன்? செருப்பு மாரிக்கா இது. ஒன் கால்ல போட்டா நடக்க வருதா, போட்டுக்கோ. வரலியா, கயட்டிப் போடு. அடுத்தவங்க கால்ல ஏன் திணிக்கிற?" பிறகு அவளே என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கண் டாக்டரிடம் போனாள். பவர் மாறியிருந்தது. கண்ணாடியையும் மாற்றினேன், மஞ்சள் தாளையும் விடவில்லை.

எங்கள் அன்பியத்துக்கு அவள் ஜெபத்தாள் அச்சடித்துத் தர ஆரம்பித்ததும் அப்போதுதான். சொல்பவர் பகுதி ஒரு நிறம், எல்லோரும் சொல்வது ஒரு நிறம், வரிக்கு வரி கொஞ்சம் அழுத்தமும் கொஞ்சம் வெளிறலுமாக. என்னைப் போலக் கண்ணாடி மறந்து வருகிறவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் சாக்குப் போய்விட்டது.

அந்தத் தைரியத்தில்தான் நாங்கள் இருவரும் கோயிலில், பூசையில் பைபிள் வாசிக்கும் வாசகர் குழுவில் சேர்ந்தோம். எங்களுக்குக் கிடைத்தது வார நாள் காலைப் பூசை. ஆறேழு பேர் இருப்பார்கள். அதில் ஒருவர் தூங்குவார். ஆனாலும் மேடைதானே, மைக்தானே.

இப்போது நீங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் அந்தக் கதையை நானே சொல்லிவிடுகிறேன், சரியாக. வாசகப் புத்தகத்தில் கறுப்பில் இருப்பதை வாசிக்க வேண்டும். சிவப்பில் இருப்பது வாசகருக்கான குறிப்பு, அதை வாசிக்கக் கூடாது. சேர்ந்த அன்றே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. தவக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, ஆண்டிலேயே மிக நீளமான வாசகம் எமிலிக்கு விழுந்தது. நீலத்தாளைப் புத்தகத்தின் மேல் வைத்து, ஒரு பிசகும் இல்லாமல் கடைசிவரை வாசித்தாள். "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றாள். "இறைவா உமக்கு நன்றி" என்று நாங்களும் சொன்னோம். பாட்டுக்காரப் பெண் பதிலுரைப் பாடலுக்காக வாயைத் திறந்தாள். அப்போது எமிலி, "அல்லது குறுகிய வாசகம்," என்று கணீரென்று சொல்லிவிட்டு, அதே கதையை மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசித்தாள். நீலத்தாளின் அடியில் சிவப்பு எழுத்தும் கறுப்பாகத்தான் தெரியும். அது அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பாட்டுக்காரப் பெண் வாயை மூடிக்கொண்டாள். ஃபாதர் கண்களை மூடியிருந்தார். ஜெபிக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இரண்டாம் முறையும் "இறைவா உமக்கு நன்றி" சொல்லித்தான் வைத்தோம்.

வெளியே வந்ததும் நான், "என்ன எமிலி இப்படிப் பண்ணிட்டியே," என்றேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஆண்டவர் சொன்னத ரெண்டு தபா சொன்னா இன்னாக்கா தப்பு? நம்ப ஊட்ல ஒரு தபா சொன்னா எவன் கேக்குறான்?" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பூசைக்கு முன்பே வந்து, தாள் வைக்காமல் பக்கத்தை ஒரு பார்வை பார்த்து, சிவப்பு எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டு வைத்துக்கொள்வாள். அந்தத் தவறை அவள் மறுபடி செய்ததே இல்லை. கதையை மட்டும் நீங்கள் நிறுத்தவில்லை.

வாசகர் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்கிறார். பெயர் எழுதமாட்டேன்; எழுதினால் ஃபாதர் அந்த வரியையே அடித்துவிடுவார். அவர் எமிலியைக் கூப்பிட்டுச் சொன்னபோது நானும் அங்கே நின்றிருந்தேன்.

"பீடத்துல பிளாஸ்டிக்க வச்சிக்கிட்டு வாசிக்கிறது நல்லா இல்லம்மா. பரிசுத்தமான புத்தகம். லைவ்ல பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"சார், நீங்க கண்ணாடி போட்டுகினுதான் வாசிக்கிறீங்க. அதுவும் பிளாஸ்டிக்குதான்."

"அது வேற."

"எப்டி சார் வேற?"

"வேறன்னா வேறம்மா."

அன்றிலிருந்து எமிலி மேடைக்குத் தாளை எடுத்துப் போகவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? வாசகத்தை முன்கூட்டியே ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, கடையில் நீலத்தாளை வைத்துப் படித்துப் படித்து முழுதையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். மேடையில் ஏறிப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு ஒப்பித்தாள். உரிய இடத்தில் பக்கம் புரட்டக்கூடத் தவறவில்லை. ஒருங்கிணைப்பாளர் என்னிடம் வந்து, "பாத்தீங்களாம்மா, தாளே தேவையில்லாம எவ்வளவு நல்லா வாசிக்கிறாங்க. எல்லாம் பழக்கந்தான்," என்றார். நான் எமிலியைப் பார்த்தேன். அவள் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அவளுக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை.

கொஞ்ச காலம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசக மேடையில் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். பெரிய எழுத்து. கோதுமை நிறத் திரை. ஒரு வரி நீலம், ஒரு வரி அரக்கு. ஒருங்கிணைப்பாளர் மைக்கைப் பிடித்து, வாசகர்களின் வேகமும் கவனமும் கூடுவதற்காகத் தாமே யோசித்துக் கொண்டுவந்த புது முறை என்று விளக்கினார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். அந்த டேப்லெட்டில் எழுத்தையும் நிறத்தையும் ஏற்றிக் கொடுத்தது யார் என்று கேளுங்கள். முந்தின வாரம் முழுவதும் எமிலியின் கடையில்தான் அது கிடந்தது. தாள் வைத்தால் அவமரியாதை. அதே நிறத்தைக் கண்ணாடிக்குள் வைத்தால் நவீனம். எமிலியும் கைதட்டினாள். "இன்னாக்கா மூஞ்சத் தூக்கிகினு கீற? எழுத்து நின்னா சரிதான். யார் பேர் போட்டுகினா இன்னா," என்றாள்.

அவளுக்கு வேறொரு ஆசை இருந்தது. அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாள் என்று நான் நினைக்கிறேன். திருவிழாப் பாடற்பூசையில் ஒரே ஒரு தடவை முதல் வாசகம் வாசிக்க வேண்டும். காரணத்தை ஒருநாள் கடையில் சொன்னாள். சின்ன வயதில் பூந்தமல்லிக் கோயிலில் திருவிழாவுக்கு வாசிக்கப் பெண்பிள்ளைகளைப் பொறுக்கினார்களாம். இவளும் கையைத் தூக்கியிருக்கிறாள். பொறுக்கிய பெண்மணி, "உன்ன ஏத்துனா இன்னிக்குப் பூசை நாளைக்குத்தான் முடியும்," என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"அவங்க சிரிச்சது போவட்டும்கா. எங்கம்மாவும் சிரிச்சிச்சு. அது கண்ணு மூடுறதுக்குள்ள ஒரு தபா அது முன்னாடி வாசிச்சிட்டன்னா போதும். காது கேக்காது. ஆனா கண்ணு நல்லாத் தெரியுது. நான் ஏறி நிக்கறத பாக்கும்ல."

போன திருவிழாவுக்கு அவள் பெயர் வந்தது. அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சேலை எடுத்தாள். தினமும் கடையை அடைத்தபின் கோயிலுக்கு வந்து அந்த டேப்லெட்டில் வாசித்துப் பழகினாள். மனப்பாடம் வேண்டாம், நிஜமாகவே வாசிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். கொடியேற்றம் முடிந்தது. மறுநாள் பலகையில் அவள் பெயரின் மேல் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. அதில் ரோஷ்னி என்று எழுதியிருந்தது. என் பேத்தி ரோஷ்னி.

நான் நேரே ஒருங்கிணைப்பாளரிடம் போனேன்.

"சார், அது எமிலியோட எடம்."

"மறைமாவட்ட ஆயர் வர்றாரும்மா. லைவ் வேற போகுது. எமிலி நல்லாத்தான் வாசிக்கிறாங்க, ஆனா நிதானமாப் போறாங்க. நேரம் இடிக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "வேற யாரு பிள்ளையையும் போடலையே. உங்க பேத்திதானேம்மா. சந்தோஷப்படுங்க."

என் பலவீனம் ஊருக்கே தெரியும். அதை வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டார். "என் பேத்திக்கு ஏற இன்னும் எத்தனையோ மேடை இருக்கு சார். எமிலிக்கு இது ஒண்ணுதான்," என்றேன். பட்டியல் ஆயர் இல்லத்துக்குப் போய்விட்டது என்றார்.

வீட்டுக்கு வந்து மருமகளிடம், ரோஷ்னியை வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

"ஆயர் முன்னாடி வாசிக்கிறது சும்மாவா அத்தே? நீங்கதான ஊரெல்லாம் பேத்தி பேத்தின்னு சொல்லிக்கிட்டு இருப்பீங்க. இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

ரோஷ்னி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து அழுதாள். அவள் அப்பா வந்து, பிள்ளையை அழவைக்காதீர்கள் என்று முடித்துவைத்தான்.

எமிலியின் கடைக்குப் போனேன். பைண்டிங் மிஷினின் கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "உடுக்கா. அது நல்லா வாசிக்கும்," என்றாள். அவ்வளவுதான். கைப்பிடியை மட்டும் வழக்கத்தைவிட ஓங்கி அழுத்தினாள். காகிதம் கிழிந்து, அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறு வைத்தாள்.

திருவிழாவன்று புதுச்சேலையைக் கட்டிக்கொண்டுதான் வந்தாள். தாயைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து நடைபாதை ஓரமாக நிறுத்தினாள். மாறின விஷயத்தைத் தாயிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. ரோஷ்னி ஏறினாள், தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்தாள். நான் பொய் சொல்லமாட்டேன், நன்றாக வாசித்தாள். காது கேட்காதவர்கள் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சத்தமாகத்தான் பேசுவார்கள். ரோஷ்னி இறங்கிவரும் அந்த அமைதியில் அந்தக் கிழவி கேட்டாள்: "நீ எப்போடி ஏறுவே?"

எமிலி குனிந்து தாயின் காதோடு வாய் வைத்துச் சொன்னாள். அவளும் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அடுத்த வருசம்மா." முன்வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. ஒருங்கிணைப்பாளருக்கும் கேட்டிருக்கும். பூசை முடிந்ததும் எமிலி ரோஷ்னியைக் கட்டிப்பிடித்து, "சூப்பரா வாசிச்ச கண்ணு," என்றாள். ரோஷ்னி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விடவேயில்லை.

மேலே என் பிள்ளைகளின் வெற்றிகளைச் சொன்னேன். ஆயர் முன்னால் ரோஷ்னி வாசித்ததை அதில் சேர்க்கவில்லை. அந்தப் படத்தையும் நான் எங்கேயும் போட்டதில்லை.

அந்த அடுத்த வருஷம் வரவில்லை. காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிரியாணிக் கடை பாய்தான் ஓடிவந்து ஆட்டோவில் ஏற்றினார். போரூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்னால் முடிந்துவிட்டது. தாய் இருக்கிறாள். மகள் போய்விட்டாள்.

அடக்கப் பூசையில் வாசகம் நான் வாசிக்கிறேன் என்று கேட்டேன். "உணர்ச்சிவசப்பட்டு நடுவுல நின்னுடுவீங்கம்மா," என்று சொல்லிவிட்டு ஒருங்கிணைப்பாளரே வாசித்தார். அந்த டேப்லெட்டில், ஒரு வரி நீலம், ஒரு வரி அரக்கு. அவள் பெட்டிக்குள் படுத்திருக்க, அவள் ஏற்றிக் கொடுத்த நிறத்தை வைத்து அவளுக்கே வாசித்தார். பிறகு, "எமிலி நம் வாசகர் குழுவின் தூண்," என்றார். தூணை எங்கே நிறுத்தியிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

எமிலி எதையும் மனதில் வைத்துக்கொள்ளமாட்டாள். அது நல்ல குணம் என்று அடக்கத்தன்று எல்லோரும் சொன்னீர்கள். உங்களுக்கு அது சௌகரியமான குணமாகவும் இருந்தது. அவள் வைத்துக்கொள்ளாமல் விட்டதையெல்லாம் நான் எடுத்து வைத்திருக்கிறேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வருத்தமும், புதன்கிழமைக் காலைப் பூசையின் வாசகமும்தான். டேப்லெட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, புத்தகத்தைத் திறந்து, மஞ்சள் தாளை அதன் மேல் வைத்து, அவளுடைய நிதானத்திலேயே வாசிக்கிறேன். ஒருங்கிணைப்பாளர் ஃபாதர் உடை மாற்றும் சக்ரீஸ்து அறை வாசலில் நின்று பார்க்கிறார். இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லட்டும் என்றுதான் காத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அறிவிப்புப் பலகையிலும் குழுவிலும் நீங்கள் போட்டிருக்கும் படம் அசன விருந்தில் எடுத்தது. சோற்றுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து, யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓரத்தில் வேறொருவரின் தோள். கீழே "நம் பங்கின் அன்பு வாசகர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தனை வருஷம் வாசித்தவளுக்கு வாசிக்கும் படம் ஒன்றுகூடவா உங்களிடம் இல்லை? என்னிடம் இருக்கிறது. திருவிழா முடிந்த மறுவாரம் ரோஷ்னி யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் காலைப் பூசைக்கு வந்து எடுத்தது. பெஞ்சுகள் காலியாக இருக்கின்றன. எமிலி மேடையில் நிற்கிறாள். அன்றைக்கு என்ன நினைத்தாளோ, நீலத்தாளைப் புத்தகத்தின் மேல் வைத்திருக்கிறாள். வாய் பாதி திறந்திருக்கிறது. அழகாக இல்லை என்று சொல்லாதீர்கள்; வாசிக்கிறவளின் வாய் திறந்துதான் இருக்கும். இந்த அஞ்சலியோடு அதை ஃபாதரிடம் அனுப்பியிருக்கிறேன். பழைய படத்தை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். ஓரத்தை வெட்ட வேண்டாம். தாள் தெரியட்டும்.